மிருதுளாவுக்கு ஒரு மட்டை

ஜெசிந்தா மாஸ்டரிடம் கேள்வி கேட்பது சுலபம். பதிலை வாங்கிக்கொண்டு ஊர் திரும்புவதுதான் பாடு.

காங்கேயத்தில் ஒரு பெண்கள் கல்லூரியில் அவர் உடற்கல்வி இயக்குநர். வயது முப்பத்துநாலு. ஒரு காலத்தில் சாஃப்ட்பாலில் மாநில அணிக்குப் பந்து வீசியவர். ‘மேடம்’ என்று கூப்பிட்டால் திரும்பிப் பார்க்க மாட்டார். ‘மாஸ்டர்’ என்றுதான் கூப்பிட வேண்டும். வீசுவது ஆணா பெண்ணா என்று பந்து விசாரிப்பதில்லை, நீங்கள் எதற்கு விசாரிக்கிறீர்கள் என்பார்.

தணிகைவேல் அவருடைய சீடர். சீடருக்கு வயது நாற்பத்தேழு. வெள்ளகோவில் பக்கம் ஓர் அரசுப் பெண்கள் பள்ளியில் பி.டி. வாத்தியார். கிரிக்கெட்டைத் தவிர வேறெதையும் விளையாட்டு என்று ஒத்துக்கொள்ளாமலே பாதி ஆயுசை ஓட்டியவர். பள்ளிக்குச் சாஃப்ட்பால் சாமான்கள் வந்து இறங்கிய பிறகு வேறு வழியில்லாமல் மாஸ்டரைத் தேடி வந்தார். தன்னைவிட இளையவரிடம் கைகட்டி நின்று கற்றுக்கொள்வதில் அவருக்குக் கூச்சம் இருந்ததே இல்லை. அந்த ஒரு விஷயத்தில் அவர் நல்ல சீடர்.

ஒரு சனிக்கிழமை காலை அவர் கல்லூரி மைதானத்துக்கு வந்தார். தோளில் நீளமான துணிப்பை. பின்னால் ஒரு பெண். பெயர் மிருதுளா, பதினொன்றாம் வகுப்பு. வாசல் தாண்டி உள்ளே வந்ததும் அவள் நடை மெதுவானது.

தணிகைவேல் சிமென்ட் கேலரியின் நிழலில் பையைப் பிரித்தார். மூன்று மட்டைகளை வரிசையாக வைத்தார். ஒன்று கறுப்பு, பெரியது. ஒன்று சிவப்பு, நடுத்தரம். மற்றது வெள்ளை, சின்னது.

“மாஸ்டர், ஒரு கேள்விங்க.”

“கேளுங்க.”

“இந்த மூணுல இவளுக்கு எதுங்க சரியான மட்டை?”

மாஸ்டர் மட்டைகளைப் பார்க்கவில்லை. அந்தப் பெண்ணின் கைகளைப் பார்த்தார். அவள் இரண்டு கைகளையும் அக்குளுக்குள் இடுக்கிக்கொண்டு நின்றாள்.

“மூணும் உங்க ஸ்கூல்துங்களா?”

“இல்லீங்க. ரெண்டு இரவல் வாங்கிட்டு வந்தது.”

“முன்னாடி எதுல ஆடிட்டு இருந்தா?”

தணிகைவேல் மிருதுளா பக்கம் திரும்பினார்.

“கண்ணு, அங்க பைப்பு இருக்குது பாரு. மூஞ்சி கழுவிட்டுத் தண்ணி குடிச்சுட்டு வா.”

அவள் போனாள். தன்னைப் பற்றித்தான் பேசப்போகிறார்கள் என்று தெரிந்தவள் நடக்கிற நடை.

தணிகைவேலின் குரல் இறங்கியது.

“அதை பி.டி. ரூம்ல பூட்டி வெச்சிருக்கறனுங்க மாஸ்டர். அதுலதான் ரிஸ்வானாவுக்கு அடிபட்டுது. அந்த மட்டை மேல தப்பு இல்லைன்னு தெரியுது. ஆனா அதை வெளிய எடுக்க மனசு வரலைங்க.”

விஷயம் மாஸ்டர் காதுக்கு முன்பே வந்திருந்தது. இருந்தாலும் தணிகைவேல் வாயால் வரட்டும் என்று காத்திருந்தார்.

ரிஸ்வானா அந்தப் பள்ளி அணிக்குப் பந்து வீசும் பிட்சர். மிருதுளாவுக்கு ஒரே பெஞ்சுத் தோழி. மழைக்காலத்துக்கு முன் ஒரு நாள் பயிற்சியில் ரிஸ்வானா பந்து வீசினாள், மிருதுளா அடித்தாள். நல்ல அடி. பந்து மேலேயும் போகவில்லை, பக்கத்திலும் போகவில்லை. வந்த வழியே திரும்பிப் போனது. சாஃப்ட்பாலில் பந்து வீசுபவர் நிற்கும் இடம் கிரிக்கெட்டைவிட ரொம்பக் கிட்டம். ரிஸ்வானா கையைத் தூக்குவதற்குள் பந்து அவள் இடது கன்னத்தில் இருந்தது.

“கண்ணு தப்பிச்சுருச்சுங்க. கன்ன எலும்பு உடைஞ்சு போச்சு. கோயமுத்தூர்ல ஆப்பரேசன். இப்ப ஸ்கூலுக்கு வருது. ஒரு பக்கக் கன்னம் கொஞ்சம் உள்ள போனாப்பல இருக்குது. கிரவுண்டுப் பக்கம் மட்டும் எட்டிப் பார்க்க மாட்டேங்குது.”

“இவ?”

“இவ தினமும் வர்றாளுங்க. மட்டையை எடுப்பா. கனமா இருக்குதுன்னு வெச்சிருவா. லேசா ஒண்ணு குடுத்தேன். அதுவும் கனமா இருக்குதுன்னா. இந்த வெள்ளை மட்டை ஆறாங்கிளாஸ் புள்ளைக ஆடறதுங்க. இதுவும் கனமாம்.”

“அடிச்சுப் பார்த்தாளா?”

“போன வாரம் ஒருக்கா சுத்தினா. மட்டை கையை விட்டுப் பறந்துருச்சுங்க. பின்னால உட்கார்ந்திருந்த கேட்சர் புள்ளைக்குக் காதோரமாப் போயி செவுத்துல அடிச்சுது. இன்னொருத்தி மூஞ்சியவும் அந்தக் கோலத்துல பார்க்கோணுமான்னு ஆயிருச்சு.”

அவர் பைப்புப் பக்கம் ஒருமுறை பார்த்தார். பிறகு சொன்னார்.

“இன்னைக்கும் முடியலைன்னா இனி வரலைன்னு சொல்லிட்டாளுங்க. விட்டுருன்னு சொல்ல எனக்கு வாய் வரலை. இவளை மாதிரி அடிக்கற புள்ளை எங்க ஸ்கூலுக்கு இன்னொருக்கா வராதுங்க மாஸ்டர். அதுதான் கேக்கறேன். சரியான மட்டை ஒண்ணு கிடைச்சுட்டா...”

“இப்பப் பந்து வீசறது யாரு?”

“நான்தானுங்க.”

அதைச் சொல்லும்போது மட்டும் அவர் முதுகு கொஞ்சம் நிமிர்ந்தது. மாஸ்டர் அதையும் பார்த்துக்கொண்டார்.

மிருதுளா திரும்பி வந்தாள். முகத்தில் ஈரம் இருந்தது. துடைக்கக்கூட அவள் கையை வெளியே எடுக்கவில்லை.

“மிருதுளா, இங்க வா. கறுப்பு மட்டையை ஒத்தக் கையில எடு. அப்படியே கையைப் பக்கவாட்டுல நீட்டிப் பிடி. நான் சொல்றவரைக்கும் இறக்காதே.”

சாஃப்ட்பாலில் மட்டை பார்க்கிற முறை அது. கையை நீட்டிப் பிடிக்க வேண்டும். கொஞ்ச நேரத்தில் கை தாழ்ந்தால் அந்த மட்டை அந்த ஆளுக்குக் கனம்.

அவள் எடுத்தாள். நீட்டினாள்.

“காலைல என்ன சாப்பிட்ட?”

“இட்லிங்க.”

“வீட்ல என்ன வேலை?”

“அப்பா தேங்காய்க் களத்துல இருக்கறாருங்க. லீவு நாள்ல நானும் போயி பருப்புக் காயப் போடுவேன். அள்ளி அள்ளித் திருப்பிப் போடோணும்.”

“எத்தனை மூட்டை இருக்கும்?”

“எண்ணினதில்லீங்க. களம் பூரா இருக்கும்.”

மாஸ்டர் இன்னும் ஏதேதோ கேட்டார். கணக்கு வாத்தியார் அடிப்பாரா, பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்ததா. அவள் எல்லாவற்றுக்கும் பதில் சொன்னாள். மட்டை ஒரு விரல்கடை கூட இறங்கவில்லை.

தணிகைவேல் வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

“போதும், இறக்கு. கனமா இருக்குதா?”

அவள் மட்டையைப் பார்த்தாள். அப்போதுதான் அது கறுப்பு மட்டை என்று உணர்ந்தவளைப் போலக் குழம்பினாள்.

“இங்க இல்லீங்க,” என்றாள்.

“சரி. அங்க போகலாம்.”

மாஸ்டர் கேட்சரின் கவசங்களை மாட்டிக்கொண்டு, அடிப்பவர் நிற்கும் பிளேட்டுக்குப் பின்னால் உட்கார்ந்தார். மிருதுளா ஹெல்மெட் போட்டுக்கொண்டு வெள்ளை மட்டையுடன் நின்றாள். மற்ற இரண்டு மட்டைகளும் அவள் காலுக்குப் பக்கத்தில் மண்ணில் கிடந்தன.

தணிகைவேல் பந்தோடு நடந்தார். மைதான ஓரமாக மாஸ்டரின் ஸ்கூட்டர் நின்றது. அதன் ஹேண்டிலில், பந்து வீசுபவர்கள் போடும் கம்பி முகமூடி ஒன்று தொங்கியது. அவர் அதைக் கண்டும் காணாதவர் போலத் தாண்டிப் போய், வீசும் இடத்தில் வெறும் முகத்தோடு நின்றார்.

“வரட்டுமா கண்ணு? பயப்படாத. சாரைப் பாரு, சார் பயப்படறனா? தைரியமா அடி!”

பந்து வந்தது. மிருதுளா அசையவில்லை. மாஸ்டரின் கையுறையில் விழுந்தது.

இரண்டாவது வந்தது. அதற்கும் அசையவில்லை.

மூன்றாவது பந்து கையுறைக்குள் போய்ச் சேர்ந்த பிறகு அவள் மட்டையை அரைகுறையாக வீசினாள். வீசியதுமே கண்ணை இறுக்க மூடிக்கொண்டாள். விரல்கள் ஈரமாக இருந்தன. மட்டை நழுவி முழங்கால் பக்கம் தொங்கியது.

“கனமா இருக்குதுங்க,” என்றாள்.

கேட்சர் உட்கார்ந்திருக்கும் இடத்திலிருந்து அண்ணாந்து பார்த்தால் அடிப்பவரின் கண் தெரியும். அடிப்பவர் பார்க்க வேண்டியது பந்து கையை விட்டுப் புறப்படும் இடத்தை, இடுப்புக்குப் பக்கத்தில். மிருதுளாவின் கண் அங்கே ஒருமுறைகூடப் போகவில்லை. அது தணிகைவேலின் முகத்திலேயே இருந்தது. அந்த முகத்தின் இடது கன்னத்தில்.

“முன்ன மாதிரியே கையை நீட்டிப் பிடி பாப்பா,” என்றார் மாஸ்டர். “இந்தச் சின்ன மட்டையவே பிடி. சாரைப் பார்த்துட்டே பிடி.”

அவள் நீட்டினாள். தணிகைவேல் அவளைப் பார்த்துச் சிரித்தார். வெறும் முகம், வெயில் பட்டு வியர்த்திருந்தது. அவள் கை நடுங்க ஆரம்பித்தது. தோளிலிருந்து விரல்வரை நடுங்கியது. ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் ஆடும் மட்டை கையிலிருந்து நழுவி மண்ணில் விழுந்தது.

மாஸ்டர் தன் கேட்சர் முகமூடியைக் கழற்றிவிட்டு எழுந்தார்.

“சார், இங்க வாங்க.”

தணிகைவேல் ஓடி வந்தார்.

“நீங்க ஏன் முகமூடி போட்டுக்கலை?”

“எனக்கு வேண்டாமுங்க.”

“பயமா இல்லையா?”

“பயமா இருக்குதுங்க மாஸ்டர்.” அவர் பந்தைப் பார்த்துக்கொண்டே சொன்னார். “பொய் சொல்லலை. ஆனா நானே பயந்துட்டு மூஞ்சிய மூடிக்கிட்டா, இவளுக்கு எப்படிங்க தைரியம் வரும்?”

“அவ்வளவுதானா?”

அவர் பந்தை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றினார்.

“அன்னைக்கு அந்தப் புள்ளைக்கு முகமூடி இல்லைங்க. எனக்கு மட்டும் எதுக்குன்னு...”

“முகமூடி இல்லாம யாரையும் வீச விடாதீங்கன்னு நான் உங்ககிட்ட முதல் நாளே சொன்னேன்.”

“சொன்னீங்க.”

“அப்புறம் ஏன் இல்லை?”

மிருதுளா சொன்னாள்.

“ரிஸ்வானா கேட்டாளுங்க.”

இருவரும் அவளைப் பார்த்தார்கள். அவள் மண்ணைப் பார்த்துப் பேசினாள்.

“பந்து வீசறப்ப பயமா இருக்குது, முகமூடி வேணும்னு கேட்டாளுங்க. சார் சொன்னாரு, பேரே மென்பந்து, இதுக்குப் போயி முகமூடியா, நாளைக்குப் பஞ்சு மிட்டாய் தின்னாக் கூடப் பல்லு வலிக்குதும்பியான்னு. எல்லாரும் சிரிச்சோம். அவளும் சிரிச்சா.” மூச்சு வாங்கினாள். “நான்தானுங்க ரொம்ப நேரம் சிரிச்சேன். அவ வீசிட்டு இருக்கறப்பவும் சிரிச்சேன். மென்பந்து மென்பந்துன்னு சொல்லிட்டேதான் அந்தப் பந்தை அடிச்சேன்.”

பள்ளிக்கு வந்த பெட்டியின் மேல் அப்படித்தான் எழுதியிருந்தது, மென்பந்து என்று. பெயர்தான் மென்பந்து, பந்து கல் மாதிரி இருக்கும். ஆனால் கிரிக்கெட் பந்தை வெறும் கையால் பிடித்து வளர்ந்த தணிகைவேலுக்கு அந்தப் பெயரைப் பார்த்ததும் சிரிப்பு வந்தது. அவர் சிரித்ததால் பிள்ளைகளுக்கும் சிரிப்பு வந்தது. பயந்த ஒருத்தியும் வெட்கப்பட்டுக்கொண்டு சிரித்துவிட்டாள்.

தணிகைவேல் அங்கேயே குத்துக்காலிட்டு உட்கார்ந்துவிட்டார்.

“அதனாலதானுங்க மாஸ்டர்,” என்றார். “அதனாலதான் நான் போட மாட்டேன். வந்தா என் மூஞ்சில வரட்டும். அப்பத்தான் எனக்கு ஆறும்.”

மாஸ்டருக்குக் கோபம் வந்தது. அதை அவர் மறைக்கவில்லை.

“உங்களுக்கு ஆறும். அடிக்கறது யாரு சார்?”

தணிகைவேல் நிமிர்ந்து பார்த்தார்.

“உங்க பிராயச்சித்தத்தை நீங்க சுமக்கலை. அவ கையில குடுத்துட்டீங்க. கனமா இருக்காதா?”

மாஸ்டர் ஸ்கூட்டருக்குப் போய் முகமூடியை எடுத்து வந்து தணிகைவேல் மடியில் போட்டார். அவர் அதைத் தலையில் மாட்டப் பார்த்தார். பின்பக்கத்துப் பட்டை மாட்டவில்லை. இரண்டு முறை நழுவியது.

மிருதுளா அவருக்குப் பின்னால் போய் நின்றாள். கொஞ்சம் தயங்கினாள். பிறகு பட்டையை எடுத்துக் கொக்கியில் மாட்டினாள். இழுத்துப் பார்த்தாள். இன்னொரு தடவையும் இழுத்துப் பார்த்தாள்.

“இறுக்கமா இருக்குதுங்களா சார்?”

“இருக்குது கண்ணு.”

அவள் முன்பக்கம் வந்து கம்பிகளைப் பார்த்தாள். ஒரு கம்பி மட்டும் உள்பக்கமாக நெளிந்திருந்தது.

“மாஸ்டர், இது ஏங்க இப்படி இருக்குது?”

“ஒருக்கா என் மூக்கைத் தேடி ஒரு பந்து வந்துது. இது குறுக்கே நின்னுச்சு.”

“வலிச்சுதுங்களா?”

“கம்பிக்கு வலிச்சிருக்கும்.”

“நீங்க பயந்துக்கலீங்களா?”

“பயப்படாம? அன்னைக்கு ராத்திரி எனக்குப் பொட்டுத் தூக்கம் இல்லை.”

மிருதுளா கம்பியிலிருந்து விரலை எடுக்கவில்லை. அவள் கேட்க வந்தது அடுத்த கேள்வியைத்தான்.

“அடிச்சவங்க?”

“அவ என் ரூம்தான். பக்கத்துக் கட்டில்ல படுத்து நல்லாத் தூங்கினா. குறட்டை வேற.”

மிருதுளா அவரையே பார்த்தாள். அப்படித் தூங்க முடியும் என்பதே அவளுக்குப் புதிய சேதியாக இருந்தது.

“போங்க,” என்றார் மாஸ்டர். “அவங்கவங்க இடத்துக்குப் போங்க.”

தணிகைவேல் வீசும் இடத்துக்குப் போனார். இந்த முறை ‘பயப்படாதே’ என்று அவர் சொல்லவில்லை. மிருதுளா குனிந்து ஒரு மட்டையை எடுத்தாள்.

முதல் பந்துக்கு அவள் மட்டையைச் சுழற்றவில்லை. ஆனால் மாஸ்டர் அண்ணாந்து பார்த்தபோது அவள் கண் பந்தோடு வந்தது.

இரண்டாவது பந்து மட்டையின் ஓரத்தில் பட்டுப் பின்பக்கம் போனது. அந்தச் சின்னச் சத்தத்துக்கே அவள் தோள் தூக்கிப் போட்டது. ஆனாலும் விலகாமல் நின்றுகொண்டாள்.

மூன்றாவது பந்தை அவள் அடித்தாள்.

நல்ல அடி. பந்து மேலேயும் போகவில்லை, பக்கத்திலும் போகவில்லை.

‘டங்’ என்று ஒரு சத்தம் கேட்டது. தணிகைவேல் மல்லாந்து விழுந்தார்.

மிருதுளா கத்தவில்லை. கத்துவதற்கு அவளிடம் மூச்சு இல்லை. அந்த அடி, பந்து போன வழி, மண்ணில் விழுந்து கிடக்கும் உடம்பு, எல்லாம் அன்றைக்குப் போலவே இருந்தன. தான் தொட்டதெல்லாம் இப்படித்தான் ஆகும் என்று அவள் மனசுக்குள் ஏதோ சொன்னது. அவளால் நகர முடியவில்லை.

மாஸ்டரும் நகரவில்லை. “போயிப் பாரு,” என்று மட்டும் சொன்னார்.

மல்லாந்து கிடந்த தணிகைவேலுக்கு முதலில் ஒன்றும் புரியவில்லை. காதுக்குள் ரீங்காரம். உயிரோடு இருக்கிறோம் என்று நம்பவே அவருக்குப் பயமாக இருந்தது. அப்புறம் கம்பிகளுக்கு நடுவே வானம் தெரிந்தது. இரண்டு கண்ணையும் மாற்றி மாற்றி மூடிப் பார்த்தார். இரண்டிலும் வானம் இருந்தது.

மிருதுளா ஓடி வந்து மண்டியிட்டாள். பட்டையைப் பிய்த்துக் கழற்றி முகமூடியை வீசினாள். அவர் கன்னத்தைத் தொட்டாள். இடது பக்கம், பிறகு வலது பக்கம், பிறகு மறுபடியும் இடது பக்கம். விரலால் அழுத்தி அழுத்திப் பார்த்தாள். இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருந்தது.

“சார்.”

“ஒண்ணுமில்ல கண்ணு.”

“சார்.”

“ஒண்ணுமே ஆகலை கண்ணு. பாரு. சார் இருக்கறேன்.”

அவள் அழுதாள். ரிஸ்வானா விழுந்த அன்று அழாதது, ஆஸ்பத்திரி வாசலில் அழாதது, எல்லாம் சேர்ந்து வந்தது. தணிகைவேலும் அழுதார். வாத்தியார் அழுவதை மாணவி பார்க்கக் கூடாது என்றெல்லாம் அப்போது அவருக்குத் தோன்றவில்லை.

“அன்னைக்கு நான் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது கண்ணு,” என்றார்.

“நானும் சிரிச்சிருக்கக் கூடாதுங்க சார்.”

மாஸ்டர் அவர்கள் பக்கம் வராமல், மண்ணில் கிடந்த பந்தை எடுத்துச் சட்டையில் துடைத்துக்கொண்டிருந்தார்.

கொஞ்ச நேரம் கழித்து மிருதுளா எழுந்தாள். மூக்கைத் துடைத்தாள். தூரத்தில் கிடந்த முகமூடியை எடுத்து மண்ணைத் தட்டினாள். அதை அவளே அவர் தலையில் மாட்டிப் பட்டையை இழுத்துப் பார்த்தாள்.

“இன்னொண்ணு போடுங்க சார்.”

அவர் போட்டார். அவள் அடித்தாள். பந்து மைதானத்தின் மறுகோடியில் வேலியில் போய் மோதியது. அங்கே நடைப்பயிற்சி போய்க்கொண்டிருந்த ஒரு பெரியவர் திட்டினார். மாஸ்டர் அவருக்குக் கையைத் தூக்கி மன்னிப்புக் கேட்டார். அடுத்த பந்தும் அங்கேயே போனது. பெரியவர் வீட்டுக்குக் கிளம்பிவிட்டார்.

எல்லா அடியும் நல்ல அடியாக இல்லை. நடுவில் ஒரு பந்து தணிகைவேலின் காலடிக்கு வேகமாக வந்தபோது அவள் மறுபடியும் வெளுத்துப் போனாள். மட்டையைக் கீழே வைத்துவிட்டு உள்ளங்கையைப் பாவாடையில் துடைத்தாள். பிறகு ஒரு மட்டையை எடுத்துக்கொண்டு நின்றாள். மட்டை ஒரு தடவைகூடக் கையை விட்டுப் பறக்கவில்லை. கனமா இருக்குது என்று அவள் சொல்லவும் இல்லை.

வெயில் ஏறியது. மாஸ்டர் கையைத் தூக்கினார்.

“போதும். பஸ்ஸைப் பிடிக்கோணும் நீங்க.”

தணிகைவேல் துணிப்பையை எடுத்துக்கொண்டு பிளேட்டுக்கு வந்தார். மூன்று மட்டைகளும் அங்கே மண்ணோடு மண்ணாகக் கிடந்தன. ஒவ்வொன்றாக எடுத்துத் தட்டிப் பைக்குள் வைக்கப் போனவர் நின்றார். காலையில் கேட்டதற்கு இன்னும் பதில் வரவில்லை என்பது அவருக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது.

“மாஸ்டர், எந்த மட்டைன்னு நீங்க சொல்லவே இல்லீங்களே.”

“எதுல அடிச்சா?”

தணிகைவேல் மட்டைகளைப் பார்த்தார். திருப்பித் திருப்பிப் பார்த்தார். எல்லாவற்றிலும் ஒரே மண்.

“கவனிக்கலைங்க.”

“நானும் கவனிக்கலை. அவளையே கேளுங்க.”

மிருதுளா கேலரி நிழலில் உட்கார்ந்திருந்தாள். மடியில் முகமூடி இருந்தது. கன்னம் படுகிற இடத்தில் ஒட்டியிருந்த ஸ்பாஞ்சை விரலால் அமுக்கி அமுக்கிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“கண்ணு, நீ எந்த மட்டையில அடிச்ச?”

“தெரியலீங்க சார்.” அவள் தலையைத் தூக்கவே இல்லை. “சார், இது ரிஸ்வானாவுக்கு அந்தப் பக்கத்துக் கன்னத்துல அமுத்துமுங்களா?”

தணிகைவேல் மாஸ்டரைத் திரும்பிப் பார்த்தார்.

மாஸ்டர் ஸ்கூட்டரைக் கிளப்பிக்கொண்டிருந்தார். முகமூடியைத் திருப்பிக் கேட்கவில்லை.

“மட்டை கிடைச்சிருச்சு சார்,” என்றார், மிருதுளாவின் மடியைப் பார்த்தபடி. “எடுத்துட்டுக் கிளம்புங்க.”